கழற்றலும் பூட்டலும்: ஒரு டிராக்டரின் வரலாறு

தமிழில் ‘பூட்டுதல்’ என்னும் சொல்லுக்கு மூன்று பொருள்கள் வழக்கில் உள்ளன. மாட்டை நுகத்தில் பிணைப்பது ஏர் பூட்டுதல். கழற்றிய இயந்திரத்தின் உறுப்புகளை மீண்டும் இணைப்பதும் பட்டறை வழக்கில் பூட்டுதலே. பிறர் திறக்க இயலாதவாறு கதவை அடைப்பதும் பூட்டுதல்தான். உழவுக் கருவி கடந்த நூறாண்டுகளில் கடந்துவந்த பாதையை இம்மூன்று பொருள்களையும் கொண்டே அளந்துவிடலாம்.

கம்பர் பெயரால் வழங்கும் ‘ஏரெழுபது’ என்னும் நூல் ஏரை முழுப்பொருளாக மட்டும் போற்றி நின்றுவிடவில்லை. மேழி, கொழு, நுகம், நுகத்துளை என்று உறுப்புறுப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சிறப்புக் கூறுகிறது. தன் கருவியின் ஒவ்வோர் உறுப்பையும் பெயர்சொல்லி அறிந்திருந்த ஒரு சமுதாயத்தில்தான் இத்தகைய நூல் தோன்ற இயலும். கொழு தேய்ந்தால் கொல்லர் உலையிலிட்டு அடித்துத் தருவார். ஏர்க்கால் முறிந்தால் தச்சர் வேறொன்று செதுக்குவார். மரக்கலப்பை ஊருக்குள்ளேயே பிறந்து, ஊருக்குள்ளேயே பழுது நீக்கப்பெற்று, ஊருக்குள்ளேயே விறகாகி முடிந்தது.

இரும்பாலான உழவு இயந்திரம் வந்தபோது உழவர்முன் இரண்டு கேள்விகள் எழுந்தன. அது எத்தனை மாடுகளின் வேலையைச் செய்யும் என்பது முதற்கேள்வி. பழுதுபட்டால் அதைத் திறப்பவர் யார் என்பது இரண்டாவது. முதற்கேள்விக்கான விடையை விற்பனையாளர் எவரும் சொல்லிவிடுவர். இரண்டாவதற்கான விடையைத் தேட, ஒரு குறிப்பிட்ட டிராக்டரின் வரலாற்றை எடுத்துக்கொள்வது பயனுடையது. அது இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை உருவாக்கப்பட்ட ஃபெர்குசன் டி.இ.20. சாம்பல் நிறம் கொண்ட அச்சிறு டிராக்டரை வீட்டுக் கொட்டிலில் வைத்துக் கழற்றிப் பூட்டுவோர் உலகின் பல நாடுகளில் இன்றும் உளர். தமிழக வயல்களில் ஓடும் டிராக்டர்களுள் ஒரு பெரும் பகுதிக்கு அது மூதாதையும் ஆகும்.

சட்டமில்லா இயந்திரம்

முற்காலத்து டிராக்டர்கள் பலவும் நீண்ட இரும்புச் சட்டத்தின்மீது இஞ்சினையும் கியர் பெட்டியையும் தனித்தனியே ஏற்றி வைத்த வண்டிகளாகவே இருந்தன. எடை மிகுதி; விலையும் மிகுதி. 1917-இல் ஹென்றி ஃபோர்டு வெளியிட்ட ஃபோர்ட்சன் டிராக்டரில் அச்சட்டம் இல்லை. இஞ்சின், கியர் பெட்டி, பின் அச்சுப் பெட்டி ஆகிய மூன்று வார்ப்பிரும்புப் பெட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டு, அவையே டிராக்டரின் முதுகெலும்பாயின. செலவைக் குறைக்கச் செய்த ஏற்பாடு இது. எனினும் பழுது பார்ப்போர்க்கும் இது ஒரு வழி திறந்தது. முதுகெலும்பு எங்கே பிணைந்துள்ளதோ அங்கே அதைப் பிரிக்கலாம் என்பதே அவ்வழி.

ஃபோர்ட்சனிடம் ஒரு கொடிய குறையும் இருந்தது. பின்னால் கட்டி இழுக்கப்பட்ட கலப்பை மண்ணுக்குள் ஒரு கல்லிலோ வேரிலோ சிக்கிக்கொண்டால், சக்கரம் சுழல முடியாமல் டிராக்டரின் முன்பகுதி மேலெழும்பும். ஓட்டுபவர் சுதாரிக்கும் முன்பே இயந்திரம் அவர்மீது கவிழும். இவ்வாறு உயிரிழந்தோர் பலர்.

இக்குறைக்குத் தீர்வு கண்டவர் ஹாரி ஃபெர்குசன். 1884-இல் அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் ஓர் உழவர் குடும்பத்திற் பிறந்தவர். பெல்ஃபாஸ்ட் நகரில் தமையனாரின் பட்டறையில் இயந்திரத் தொழில் பயின்றார். தாமே அமைத்த விமானத்தில் 1909 டிசம்பர் 31-ஆம் நாள் பறந்து, அயர்லாந்தில் முதன்முதல் வானேறியவர் என்ற பெயரைப் பெற்றார். முதல் உலகப்போரின்போது உணவுப் பற்றாக்குறையை ஈடுசெய்ய, அயர்லாந்து வேளாண் வாரியம் 1917-இல் டிராக்டர் உழவைச் சீர்ப்படுத்தும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது. பண்ணை பண்ணையாகச் சென்று பார்த்த அவர் ஒரு முடிவுக்கு வந்தார்: டிராக்டரும் கலப்பையும் இரு வேறு பொருள்களாக இருக்கும்வரை தொல்லை தீராது; இரண்டும் ஓருடலாக வேண்டும்.

வில்லி சாண்ட்ஸ் என்னும் பொறியாளரின் துணையுடன் பல்லாண்டு முயன்று அவர் கண்டதே மூன்று புள்ளி இணைப்பு. கீழே இரண்டு கைகள் கலப்பையை இழுக்கும். மேலே உள்ள ஒரு கை, நம் பட்டறைகள் ‘டாப் லிங்க்’ என்று வழங்குவது, கலப்பையின் எதிர்விசையை டிராக்டரை நோக்கித் தள்ளும். கலப்பை தடைபட்டால் அத்தள்ளுவிசை முன்சக்கரங்களைத் தரையோடு அழுத்துமேயன்றி மேலெழும்ப விடாது. மண் இறுகினால் அதே கை ஒரு சுருள்வில்லை அழுத்தும். வில் ஒரு வால்வைத் திறக்கும். எண்ணெய் அழுத்தம் கலப்பையைச் சற்றே உயர்த்தும். மண் இளகினால் கலப்பை மீண்டும் தாழும். மேழியைப் பிடித்த உழவன் தன் கைப்பிடியால் இடைவிடாது செய்துவந்த வேலையை ஒரு வில்லும் ஒரு வால்வும் ஏற்றுக்கொண்டன.

கைகொடுத்துச் செய்த ஒப்பந்தம்

1933-இல் ஒரு மாதிரி டிராக்டர் உருவாயிற்று. 1936-இல் டேவிட் பிரௌன் நிறுவனத்துடன் சேர்ந்து ஃபெர்குசன் விற்பனையைத் தொடங்கினார். 1938 அக்டோபரில் அமெரிக்கா சென்று, ஹென்றி ஃபோர்டின் முன்னிலையில் தம் டிராக்டரை இயக்கிக் காட்டினார். இருவரும் கைகொடுத்துக்கொண்டனர், எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. அக்கைகுலுக்கலின் பேரில் 1939-இல் வெளிவந்த ஃபோர்டு 9என் டிராக்டரும் அதன் வழிவந்ததும் சேர்ந்து மூன்று இலட்சத்துக்கும் மேல் விற்றன.

பின்னர் ஃபோர்டின் பேரர் பொறுப்பேற்றதும் அவ்வுறவு முறிந்தது. ஃபெர்குசன் 1948-இல் வழக்குத் தொடுத்தார். 1952-இல் 92.5 இலட்சம் டாலர் ஈட்டுத்தொகையுடன் வழக்கு முடிந்தது. இவ்வழக்கில் நாம் கருதவேண்டிய ஒன்றுண்டு. தம் கண்டுபிடிப்பைப் போட்டியாளர்க்கு அடைத்துவைக்க நீதிமன்றத்தில் நான்காண்டு போராடிய அதே மனிதர், தம் டிராக்டரை வாங்கிய உழவர்க்கு அதைத் திறந்தே வைத்திருந்தார். செய்யும் உரிமை வேறு. வாங்கியபின் திறக்கும் உரிமை வேறு. இவ்வேறுபாடு அக்காலத்தில் யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லாத அளவுக்கு வெளிப்படையாக இருந்தது.

இதற்கிடையே 1946-இல், கோவென்ட்ரியின் பேனர் லேன் தொழிற்சாலையிலிருந்து டி.இ.20 வெளிவரத் தொடங்கியிருந்தது. போர்க்காலத்தில் விமான இஞ்சின் செய்வதற்கென எழுப்பப்பட்ட தொழிற்சாலை அது. ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் அதை நடத்தியது. கொழுக்கள் வாள்களான காலம் போய், வாளடித்த உலையில் கொழு அடிக்கும் காலம் வந்தது. பத்தாண்டுகளில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட டிராக்டர்கள் அங்கிருந்து வெளியேறின. இடையில் பெட்ரோல், மண்ணெண்ணெய் வகை எரிபொருள், டீசல் என்று இஞ்சின் வகைகள் பெருகினும் அடிப்படை அமைப்பு மாறவில்லை. ஓரிடத்தில் உடைந்த டிராக்டரின் நல்ல உறுப்பு மற்றோரிடத்தில் ஓடும் டிராக்டருக்குப் பொருந்தியது. வீட்டிலேயே பழுது பார்க்கும் வழக்கம் நிலைத்தமைக்கு இப்பெருந்தொகையும் இம்மாறாமையும் முதற்காரணங்கள்.

இரண்டாகப் பிரித்தல்

இனி அவ்வியந்திரத்தைத் திறந்து பார்ப்போம்.

அதன் அன்றாடப் பயன்பாட்டிலேயே ஸ்பானர் பிடிக்கும் வேலை அடங்கியிருந்தது. பயிருக்கேற்பப் பின்சக்கரங்களின் இடைவெளியை 48 அங்குலம் முதல் 76 அங்குலம் வரை நான்கு நான்கு அங்குலமாக மாற்றலாம். சக்கரத் தட்டையும் வளையத்தையும் கழற்றித் திருப்பி மாட்டினால் போதும். டிராக்டருடன் தரப்பட்ட ஸ்பானரின் உடலிலேயே அங்குலக் கோடுகள் பொறிக்கப்பட்டிருந்தன. கழற்றும் கருவியே அளக்கும் கருவியும் ஆயிற்று. தன் டிராக்டரைத் தொட அஞ்சாத உழவனை ஃபெர்குசன் எதிர்பார்த்தார் என்பதற்கு அந்த ஸ்பானரே சான்று. ஸ்டோன்லியில் அவர் நிறுவனம் பயிற்சிப்பள்ளி ஒன்றையும் நடத்தியது.

கிளட்ச் தேய்ந்துவிட்டால் டிராக்டரை இடையில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். கேட்பதற்கு அச்சம் தரும் இவ்வேலையின் நுட்பம் பெரும்பாலும் பொறுமையில் அடங்கியுள்ளது. முன் அச்சு நடுவில் ஒரே முளையில் ஆடுவதாகையால், பிரித்தவுடன் இஞ்சின் பக்கவாட்டிற் சாய்ந்துவிடும். எனவே அச்சுக்கும் அதன் தாங்கிக்கும் இடையில் இருபுறமும் மர ஆப்புகளை இறுக்கவேண்டும். பின்பாதியைக் கனத்த மரக்கட்டைகள்மீது அசையாது நிறுத்தவேண்டும். அதன்பின் போல்ட்டுகளைக் கழற்றி, முன்பாதியைச் சக்கரங்களின்மீதே மெல்ல முன்னால் உருட்டினால் கிளட்ச் கண்ணுக்குத் தெரியும். சட்டம் இல்லாமையால் தாங்குவதற்கு வேறொன்றும் இல்லை. ஆகவே ஆப்பும் கட்டையுமே அவ்வேளையில் டிராக்டரின் சட்டம்.

மீண்டும் பூட்டுவது பிரிப்பதினும் அரிது. கிளட்ச் தட்டு நடுமையத்தில் அமர்ந்திருக்கவேண்டும். பழைய ஷாஃப்ட்டின் துண்டையோ அளவாகக் கடைந்த மர உருளையையோ செருகி அதை நேர்ப்படுத்துவர். ஷாஃப்ட்டின் பற்கள் தட்டின் பற்களோடு பொருந்தும்வரை ஒருவர் இஞ்சினை மெல்லச் சுழற்ற, மற்றவர் வண்டியைத் தள்ளவேண்டும். பொருந்தாதபோது போல்ட்டை முறுக்கி இழுத்துச் சேர்க்கும் ஆசை எழும். அவ்வாசைக்கு இணங்கினால் வார்ப்பிரும்புப் பெட்டி பிளக்கும், அல்லது கிளட்ச் தட்டு வளையும். சரியாகப் பொருந்தினால் இரு பாதிகளும் கையால் தள்ளும்போதே சேர்ந்துவிடும். போல்ட் சேர்ந்ததை நிலைநிறுத்துவதற்கேயன்றிச் சேராததைச் சேர்ப்பதற்கன்று என்பது பட்டறைகளின் பாலபாடம்.

இஞ்சினின் உட்புறம் இன்னும் வியப்புக்குரியது. ஸ்டாண்டர்டு நிறுவனம் செய்த இஞ்சினில் பிஸ்டன்கள் இயங்கும் குழல்கள் இஞ்சின் பெட்டியோடு சேர்த்து வார்க்கப்படவில்லை. தனித்தனி லைனர்களாக, வெளிப்புறத்தில் தண்ணீர் சூழ, அவை செருகப்பட்டிருந்தன. குழல் சேர்ந்தே வார்க்கப்பட்ட இஞ்சின் தேய்ந்தால், அதைக் கடைசல் பட்டறைக்குச் சுமந்து சென்று குடையவேண்டும். இங்கோ தலைப்பகுதியையும் அடித்தொட்டியையும் கழற்றி, தேய்ந்த லைனரை உருவி எடுத்துவிட்டுப் புதியதைச் செருகினால் போதும். பல்லாண்டுத் துருவும் சேறும் படிந்த நீர்ப்பாதையைச் சுரண்டித் தூய்மை செய்யவேண்டும். லைனரின் அடியில் எட்டு வடிவ வளையத்தைப் பொருத்தவேண்டும். மேல்விளிம்பு பெட்டியின் மட்டத்தினும் அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு உயர்ந்து நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். அவ்வளவு உயர்வு இல்லையேல் தலைப்பகுதியின் கேஸ்கட் அதை இறுகப் பற்றாது; தண்ணீர் எண்ணெயில் கலக்கும். தலைப்பகுதியின் நட்டுகளை நடுவிலிருந்து ஓரம் நோக்கி, ஒரே மூச்சில் இறுக்காமல், பல சுற்றுகளில் இறுக்குவர். இதே குடும்பத்து இஞ்சின்தான் 1953-இல் வெளிவந்த டிரயம்ஃப் டி.ஆர்.2 என்னும் விரைவுக் காரையும் ஓட்டியது.

எண்ணெய் அழுத்தத் தூக்கி பின்பெட்டிக்குள் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும். மூடியையும் தூக்கும் உருளையையும் சேர்த்தே மேலே எடுக்கவேண்டும்; தனியொருவரால் ஆகாது. அடியில் நான்கு பிஸ்டன்கள் கொண்ட சிறிய பம்பு. பெரும்பாலும் பழுது தேய்ந்த வளையங்களிலோ, அழுக்கேறிய வால்விலோ, கசியும் சீலிலோதான் இருக்கும். கண்ணால் கண்டு கையால் தடவி அறியக்கூடிய காரணங்கள் இவை.

இவ்வாறு அறிந்தோர் துணையிருந்தால் எந்நிலத்திலும் அந்த டிராக்டர் ஓடும் என்பதற்கு எட்மண்ட் ஹிலாரியின் பயணம் சான்று. அவர் குழுவினர் ஐவர், சக்கரங்களின்மேல் பட்டைகள் மாட்டிய மூன்று ஃபெர்குசன் டிராக்டர்களைக் கொண்டு 1958 சனவரி 4-ஆம் நாள் தென்துருவத்தை அடைந்தனர். அண்டார்க்டிகாவின் பனிவெளியில் விற்பனையாளரும் இல்லை, பட்டறையும் இல்லை. குழுவில் ஜிம் பேட்ஸ், மர்ரே எல்லிஸ் என்னும் இரு பொறியாளர்கள் இருந்தனர். அவர்களே அப்பயணத்தின் பட்டறை.

செம்பியம் வரை

1953-இல் ஃபெர்குசனின் நிறுவனம் கனடாவின் மாசே ஹாரிஸ் நிறுவனத்தோடு இணைந்தது. அடுத்த ஆண்டே ஃபெர்குசன் விலகிக்கொண்டார். 1956-இல் டி.இ.20-இன் இடத்தை 35 என்னும் எண்ணுடைய டிராக்டர் பிடித்தது. ஃபெர்குசன் மறைந்த அதே 1960-இல், அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் சார்பில் சென்னையில் டாஃபே நிறுவனம் மாசே ஃபெர்குசனுடன் சேர்ந்து தொடங்கப்பட்டது. செம்பியம் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த 1035 டிராக்டர் அந்த 35-இன் வழித்தோன்றல்.

இதனால் அயர்லாந்தின் பண்ணைகளில் கருக்கொண்ட மூன்று புள்ளி இணைப்பு காவிரிப்படுகையின் நெல்வயலுக்கு வந்தது. ஒன்பது கொத்துக் கலப்பையும் ஐந்து கொத்துக் கலப்பையும் அவ்விணைப்பிலேயே தொங்குகின்றன. சேற்றுழவுக்குக் கேஜ் சக்கரம் மாட்டிய டிராக்டரும் அதையே சார்ந்துள்ளது. இன்று எந்த நிறுவனத்தின் டிராக்டரிலும் எந்த ஊர்க் கலப்பையையும் பூட்ட முடிவதற்கு, அவ்வமைப்பு உலகப் பொதுவளவாகிவிட்டமையே காரணம்.

டிராக்டரோடு சேர்ந்து அதைப் பிரிக்கும் கலையும் வந்தது. நம் சிற்றூர்ச் சாலையோரப் பட்டறைகளில் இரண்டாகப் பிரிந்து நிற்கும் டிராக்டரைக் காணாதோர் இரார். மண்தரையில் மரக்கட்டையும் ஜாக்கியும் கொண்டு, கோவென்ட்ரிப் பொறியாளர் எண்ணிய அதே இடத்தில், அதே முறையில் அதைப் பிரிக்கிறார் நம் ஊர் மேஸ்திரி. அக்கொல்லர் உலைக்கு அடுத்து ஊர் பெற்ற கல்விச்சாலை இப்பட்டறை. கையாளாகச் சேர்ந்து, ஸ்பானர் எடுத்துக் கொடுத்து, டீசலில் உறுப்புகளைக் கழுவி, பின் தாமே மேஸ்திரியானோர் எண்ணற்றோர். ஆங்கிலச் சொற்களைத் தம் நாவுக்கேற்ப வளைத்து அவர்கள் ஆக்கிக்கொண்ட தொழில்மொழிக்கு நம் அகராதிகளில் இன்னும் இடம் கிடைக்கவில்லை.

புதிய பூட்டு

பழைய இயந்திரத்தைப் போற்றும்போது அதன் தீமைகளை மறைப்பது வரலாற்றுக்கு அழகன்று. மூன்று புள்ளி இணைப்பு பின்புறக் கவிழ்வைக் குறைத்ததேயன்றி, பக்கவாட்டுக் கவிழ்வைத் தடுக்கவில்லை. கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் கூடு டி.இ.20-இல் இல்லை, சுவீடன் 1959-இல்தான் அத்தகைய கூட்டைக் கட்டாயமாக்கிப் பிற நாடுகளுக்கு வழிகாட்டியது. பழைய இஞ்சின்களின் புகையும் பொறுக்கத்தக்கதன்று. இந்தியாவில் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 முதல் கடுமையான புகைக்கட்டுப்பாடு வந்துள்ளது. அதற்கு மின்னணுக் கருவிகள் தேவைப்படுகின்றன. அவை எரிபொருளைச் சொட்டுக் கணக்கில் அளந்து ஊட்டுகின்றன. இவற்றை வேண்டாவென்பது அறிவுடைமையாகாது.

மின்னணுக் கருவி வந்ததில் தவறில்லை. அதன்மேல் மாட்டிய பூட்டே சிக்கல். அமெரிக்காவில் புதிய டிராக்டர்களின் கணிப்பொறி நிரல்கள் நிறுவனத்தின் கையில் இருந்தன. உறுப்பை மாற்றத் தெரிந்த உழவரும், மாற்றிய உறுப்பை அந்நிரல் ஏற்கும்வரை நிறுவனத்தின் ஆளுக்காகக் காத்திருக்க நேர்ந்தது. அறுவடைக் காலத்தில் ஒரு நாள் காத்திருப்பது எவ்வளவு இழப்பு என்பதை உழவர்க்கு விளக்கவேண்டியதில்லை. உழவர்கள் போராடினர். 2023 சனவரியில் ஜான் டியர் நிறுவனம் அமெரிக்க உழவர் கூட்டமைப்போடு ஓர் உடன்பாடு செய்துகொண்டது. அதே ஆண்டு கொலராடோ மாநிலம் வேளாண் கருவிகளுக்கான பழுதுநீக்கும் உரிமையைச் சட்டமாக்கியது. 2024 சனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2025 சனவரியில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையமே ஜான் டியர்மீது வழக்குத் தொடுத்தது. இந்தியாவிலும் நடுவண் அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய பழுதுநீக்கும் உரிமைக்கான இணையத்தளத்தில் வேளாண் கருவிகளும் இடம்பெற்றுள்ளன.

ஃபெர்குசன் காலத்தில் சட்டமின்றியே இருந்த உரிமை இன்று சட்டம் கேட்டு நிற்கிறது. இரும்பு தானே திறந்து காட்டியதை, நிரல் தானாகத் திறந்து காட்டுவதில்லை என்பதே காரணம். நட்டு எந்த ஸ்பானருக்கும் சுழலும். கடவுச்சொல் ஒருவருக்கே இணங்கும்.

பேனர் லேன் தொழிற்சாலை 2003-இல் மூடப்பட்டது. அங்குப் பிறந்த டிராக்டர்களோ வேறு வேறு நாடுகளின் கொட்டில்களில் இன்னும் கழற்றப்படுகின்றன, இன்னும் பூட்டப்படுகின்றன. செய்த ஆலை மறைந்த பின்னும் செய்பொருள் வாழ்கிறதென்றால், அதை வாழவைப்பது அதன் உட்புறத்தை அறிந்த கைகள். அந்த அறிவு இரு வழிகளில் அழியக்கூடும்: உள்ளே இருப்பதை நிறுவனம் மறைத்துவிடலாம், உள்ளே பார்த்தோரின் சொல்லை நாம் எழுதிவைக்காது விட்டுவிடலாம். முன்னதற்குச் சட்டம் வேண்டும். பின்னது நம் போன்ற இலக்கிய வட்டங்களின் பொறுப்பு. மேழிக்கும் கொழுவுக்கும் நுகத்துளைக்கும் செய்யுள் செய்த மொழியில், லைனருக்கும் டாப் லிங்க்குக்கும் நம் மேஸ்திரிகள் வழங்கும் சொற்களுக்கும் செயல்முறைகளுக்கும் ஓர் அகராதியேனும் தொகுக்கப்பட வேண்டும். அடுத்த பத்தாண்டுக்குள் நம் வட்டம் எடுத்துக்கொள்ளத்தக்க பணிகளுள் இதுவும் ஒன்று.